காபிக் கழிவை எரிபொருளாக்குவது: கணக்கு எங்கே நிற்கிறது, எங்கே உதைக்கிறது?

‘காபிக் கழிவிலிருந்து விறகு’, ‘நிலக்கரிக்கு மாற்றாக வேளாண் கழிவு’ என்ற தலைப்புகளில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. படிப்பவருக்கு, வீணாகக் கிடப்பதை அள்ளி, மெஷினில் அழுத்தி, அடுப்பில் போட்டால் போதும் என்று தோன்றும். அப்படியானால் இத்தனை காலம் ஏன் யாரும் செய்யவில்லை என்ற கேள்வியும் வரும். உண்மையில் காபி உமி தென்னிந்தியாவில் நெடுநாளாகவே எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னொரு பக்கம், பெரிய ஆரவாரத்தோடு தொடங்கிய காபி எரிபொருள் நிறுவனங்கள் மூடப்பட்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் தண்ணீரும் தூரமும்தான். அந்தக் கணக்கை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

‘காபிக் கழிவு’ என்பது எது?

ஒரு காபிப் பழம் கோப்பைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று இடங்களில் கழிவைத் தள்ளுகிறது. மூன்றும் தன்மையில் வேறுவேறு.

1. பழச்சதை. அராபிகா இனக் காபிப் பழங்களைப் பறித்த அன்றே பல்பர் மெஷினில் போட்டுச் சதையைப் பிரிப்பார்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் குவியும் இந்தச் சதையில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். இரண்டு நாளில் புளித்து நாற்றமெடுக்கும்.

2. உமி. பழத்தை அப்படியே களத்தில் காயவைத்தால் அதற்குச் ‘செர்ரி’ என்று பெயர். இந்தியாவில் விளையும் இன்னோர் இனமான ரோபஸ்டாவில் பெரும்பகுதி இந்த வழியில்தான் போகிறது. காய்ந்த செர்ரியை க்யூரிங் ஆலையில் உடைத்தால், பாதி எடை கொட்டை, பாதி எடை உமி. சதை நீக்கிக் கழுவிக் காயவைத்த ‘பார்ச்மென்ட்’ காபியில் மேலோடு மட்டும்தான் மிஞ்சும். அது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். எதுவானாலும் உமியின் ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதம்தான். கொட்டை காயும்போதே உமியும் காய்ந்துவிடுகிறது.

3. சக்கை. டிகாக்ஷன் இறங்கிய பிறகு பில்டரில் மிஞ்சுவது. காபிக் கடைகளிலும், அதைவிடப் பெரிய அளவில் இன்ஸ்டன்ட் காபி ஆலைகளிலும் கிடைக்கிறது. இதில் தண்ணீர் 50 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். ஆலையில் சாறு இறக்கிய உடனே பார்த்தால் இன்னும் அதிகம்.

செய்திகளில் பெரும்பாலும் மூன்றாவதுதான் இடம்பிடிக்கிறது. கோப்பைக்குப் பக்கத்தில் இருப்பதால் படம் நன்றாக வரும் போலிருக்கிறது. உண்மையில் டன் கணக்கில் எரிவது இரண்டாவது.

இந்தியாவின் காபி உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் டன். அதில் 70 சதவீதத்தை ஒட்டிக் கர்நாடகம், மீதியில் பெரும்பங்கு கேரளம், தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீத அளவுக்கு. ஏற்காடு, கொடைக்கானலின் கீழ்மலை, வால்பாறை, கூடலூர் என்று நம் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. ரோபஸ்டாவே மொத்தத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் என்பதால், உமி மட்டும் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னை ஒட்டி வரும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம்.

தண்ணீர்க் கணக்கு

எந்த எரிபொருளுக்கும் ‘வெப்ப மதிப்பு’ என்ற ஓர் அளவு உண்டு. ஒரு கிலோவை முழுதாக எரித்தால் எத்தனை கிலோகலோரி வெப்பம் வரும் என்பதுதான் அது. இந்திய மின்நிலையங்களுக்குப் போகும் நிலக்கரி பொதுவாக 3,500 முதல் 4,500 வரை. காய்ந்த காபி உமி 4,000-ஐ ஒட்டி வரும். நெல் உமி 3,000 சொச்சம். முழுக்கக் காய்ந்த காபிச் சக்கையோ 5,000 வரை போகிறது. சக்கையில் எடைக்கு 10 முதல் 15 சதவீதம் எண்ணெய் தங்கியிருப்பதுதான் இதற்குக் காரணம்.

இந்த எண்ணை மட்டும் பார்த்தால் சக்கைக்கே முதல் பரிசு கொடுக்க வேண்டும். ஆனால் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. ஒரு கிலோ தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து ஆவியாக்கச் சுமார் 610 கிலோகலோரி தேவை. எந்த உலர்த்தியும் முழுத் திறனோடு ஓடாது. புகைக்கூண்டு வழியாகவும் சுவர் வழியாகவும் போகும் வெப்பத்தைச் சேர்த்தால், ஒரு கிலோ தண்ணீருக்கு 900 என்று வைத்துக்கொள்வது நியாயம். இப்போது மூன்று கழிவுகளிலும் தலா ஒரு டன் எடுத்து, 10 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருவோம்.

1. உமி: ஏற்கெனவே காய்ந்திருக்கிறது. உலர்த்தும் செலவு இல்லை என்றே சொல்லலாம். கையில் நிற்பது சுமார் 35 லட்சம் கிலோகலோரி.

2. சக்கை, 60 சதவீத ஈரம்: உள்ளே இருக்கும் திடப்பொருள் 400 கிலோ, அதன் வெப்பம் 20 லட்சம் கிலோகலோரி. வெளியேற்ற வேண்டிய தண்ணீர் 556 கிலோ, அதற்கான செலவு 5 லட்சம். கால் பங்கு போய்விட்டது. முக்கால் பங்கு மிச்சம்.

3. பழச்சதை, 80 சதவீத ஈரம்: திடப்பொருள் 200 கிலோதான், வெப்பம் 8 லட்சம். வெளியேற்ற வேண்டிய தண்ணீர் 778 கிலோ, செலவு 7 லட்சம். எரித்துக் கிடைப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே உலர்த்துவதற்கே போகிறது.

ஆக, பழச்சதையைத் திட எரிபொருளாக்கும் யோசனை எழுந்திருக்கும்போதே விழுந்துவிடுகிறது. வெயிலில் காயவைத்தால் என்ன என்று கேட்கலாம். வெயில் இலவசம்தான், களம் இலவசமில்லை. சதை குவியும் அதே அறுவடை மாதங்களில்தான் காபிக்கொட்டையும் களம் முழுக்கப் பரந்து கிடக்கும். விலை போகும் சரக்கை ஒதுக்கிவிட்டுச் சதையைக் காயப்போட எந்தத் தோட்டக்காரரும் முன்வரமாட்டார். சதைக்கு உரக்குழியோ சாண எரிவாயுக் கலன் போன்ற ஏற்பாடோதான் பொருத்தம். இரண்டுக்கும் ஈரம் தடையில்லை, தேவையும்கூட.

அழுத்துவது எதற்காக?

உமி எரியும் என்றால் அப்படியே எரிக்கலாமே, அழுத்திக் கட்டியாக்கிய ‘பிரிக்கெட்’ எதற்கு? க்யூரிங் ஆலைக்குப் பக்கத்திலேயே செங்கல் சூளையோ பாய்லரோ இருந்தால் அப்படியேதான் எரிக்கிறார்கள். சிக்கல் லாரியில் ஏற்றும்போது தொடங்குகிறது.

உதிரி உமி ஒரு கனமீட்டருக்கு 150 கிலோ தாண்டுவதே அபூர்வம். 40 கனமீட்டர் கொள்ளும் லாரியில் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினாலும் ஆறு டன்தான் ஏறும். அதே உமியைக் கட்டியாக்கினால், கட்டி ஒவ்வொன்றின் அடர்த்தியும் ஒரு கனமீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. இடைவெளிகளோடு குவித்தாலும் 600 கிலோவுக்குக் குறையாது. லாரியின் இடம் நிறைவதற்கு முன்பே அதன் எடை வரம்பு நிறைந்துவிடும். டீசல் செலவு டன்னுக்கு மூன்றில் ஒன்றாகக் குறைவது இங்கேதான்.

கட்டிகளில் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. ‘பிரிக்கெட்’ என்பது 60 முதல் 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை. ‘வெள்ளை நிலக்கரி’ என்று விற்கப்படுவது இதுதான். ‘பெல்லட்’ என்பது சுண்டுவிரலைவிட மெலிந்த, 6 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குச்சி. பிரிக்கெட்டைக் கையாலோ மண்வெட்டியாலோ பாய்லருக்குள் தள்ளலாம். பெல்லட் தானாகவே குழாயில் ஓடும் என்பதால், தானியங்கி பர்னர்களுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் அதுவே ஏற்றது.

பசை எதுவும் கலக்காமல் இவை எப்படி ஒட்டிக்கொள்கின்றன? தாவரச் சுவர்களில் ‘லிக்னின்’ என்ற பொருள் இருக்கிறது. மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுதான். நூறு டிகிரிக்கு மேல் சூடு ஏறி அழுத்தமும் சேர்ந்தால் அது இளகும், ஆறினால் இறுகும். பிஸ்டன் வகை மெஷினில் கனத்த சக்கரம் சுழன்று, ஒவ்வோர் இடிக்கும் ஒரு கைப்பிடி உமியை அச்சுக்குள் திணிக்கிறது. உராய்வே தேவையான சூட்டைத் தந்துவிடும். அச்சின் மறுமுனையில் நீளமான உருளை மெதுவாக நகர்ந்து, நீண்ட இரும்புத் தடத்தில் ஆவி பறக்க ஆறிக்கொண்டே போய், நுனியில் தானாக உடைந்து விழும்.

ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் கதை வேறு. அச்சுக்குள் சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி தேடும்; உருளை வெடித்துச் சிதறும், அல்லது வட்ட வட்டமாகப் பிளந்து உதிரும். ஈரம் ரொம்பக் குறைந்தாலும் ஒட்டாது. மெஷின் ஓட்டுபவர் கை நிறைய உமியை அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடுவார். ஆனால் சரக்கு வாங்குபவர் ஆய்வக அறிக்கை கேட்பார்.

காபிச் சக்கைக்கு இங்கே இன்னொரு தொல்லை. வெப்ப மதிப்பைக் கூட்டிய அதே எண்ணெய், அச்சுக்குள் வழுக்கலை உண்டாக்குகிறது. உராய்வு குறைகிறது, சூடு ஏறவில்லை, கட்டி பொலபொலவென்று உதிர்கிறது. அதனால் தனியே அழுத்தாமல் மரத்தூளோ வேறு நாருள்ள பொருளோ கலந்தே அழுத்துவது வழக்கம்.

பசை இல்லாத கட்டிக்கு மழைதான் எமன். ஒரு பிரிக்கெட்டைத் தண்ணீர் வாளியில் போட்டால் சில நிமிடங்களில் ஊதிப் பெருத்து மறுபடி உமியாகிவிடும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் குடகு, சிக்கமகளூர் பக்கம் கிடங்குக்கு நல்ல கூரை இல்லாமல் இந்தத் தொழிலை நடத்த முடியாது.

கடைச் சக்கையும் ஆலைச் சக்கையும்

லண்டனில் 2013-ல் ஆர்தர் கே தொடங்கிய ‘பயோ-பீன்’ நிறுவனம் காபிக் கடைகளின் சக்கையைச் சேகரித்து, கேம்பிரிட்ஜ்ஷயரின் ஆல்கன்பரியில் ஆலை வைத்து, கணப்படுப்புகளுக்கான கட்டிகளும் பெல்லட்டும் தயாரித்தது. 2017-ல் சக்கையிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து லண்டன் பஸ் ஓட்டியபோது உலகம் முழுக்கச் செய்தி ஆனது. 2023-ல் நிறுவனம் மூடப்பட்டது.

அந்த நிறுவனத்தின் உள்கணக்கு எப்படியிருந்தாலும், கடைச் சக்கையின் சுமைகள் வெளியே இருந்து பார்த்தாலே தெரியும். ஒரு கடையில் நாளுக்குச் சில கிலோதான் சேரும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். காகிதக் கப்பும் சர்க்கரைப் பொட்டலமும் கலந்து கிடக்கும். ஓரிரு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரை நகரமெல்லாம் வண்டி வைத்து அள்ளி, பிறகு அதை ஆவியாக்கவும் காசு கொடுக்கும் தொழில் இது. கடைக்காரர் குப்பைக் கட்டணத்துக்குப் பதிலாக ஏதாவது கொடுத்தால்தான் தாக்குப்பிடிக்கும்.

அதே சக்கை இன்ஸ்டன்ட் காபி ஆலையில் கிடைக்கும்போது இந்தச் சுமைகளில் பெரும்பாலானவை காணாமல் போகின்றன. ஒரு கிலோ இன்ஸ்டன்ட் தூள் தயாரித்தால் சுமார் இரண்டு கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். அது ஒரே இடத்தில், ஒரே தரத்தில், கலப்பில்லாமல், நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். முதலில் திருகு அழுத்தியில் பிழிவார்கள். பிழிவதற்கு ஆகும் மின்சாரம், ஆவியாக்குவதற்கு ஆகும் வெப்பத்தில் சொற்பம்தான். பிழிந்த சக்கையைப் புகைக்கூண்டில் வீணாகும் சூட்டில் உலர்த்தி, நேரே பாய்லருக்குள் விடலாம். கட்டியாக்க வேண்டியதில்லை, லாரியும் வேண்டியதில்லை. அந்த பாய்லரின் நீராவி அதே ஆலையில் காபியைச் சாறு எடுக்கவும் தூளாக்கவும் போகிறது. நெஸ்லே தன் 20-க்கும் மேற்பட்ட ஆலைகளில் இப்படிச் சக்கையை எரிபொருளாக்குவதாகச் சொல்கிறது.

நம் பக்கத்தில் தேனி, கர்நாடகத்தில் நஞ்சன்கூடு, ஆந்திரத்தில் துக்கிராலா, தெலங்கானாவில் தூப்ரான் என்று இன்ஸ்டன்ட் காபி ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவில் காபிச் சக்கை எரிபொருளைப் பற்றிப் பேசுவதானால், இப்படிப்பட்ட ஆலைகளின் வாசலுக்குள்தான் பேச வேண்டும். ‘நகரத்து காபிக் கடைகளிலிருந்து பசுமை விறகு’ என்ற திட்டங்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

வீட்டு பில்டர் சக்கையைச் சேர்த்துக் காயவைத்து எரிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எரியும். ஆனால் சிக்கரி கலந்த தூளோ கலக்காததோ, ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் தேறுவது மிகச் சொற்பம்தான். ரோஜாத் தொட்டிக்கே போகட்டும்.

பாய்லருக்குள் என்ன நடக்கிறது?

வெப்ப மதிப்பு மட்டும் பார்த்து எரிபொருள் வாங்கியவர்கள் முதலில் மாட்டுவது சாம்பலிடம்.

1. சாம்பலின் அளவு. நெல் உமியில் 20 சதவீதம் வரை சாம்பல். பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. குழாய்களை அது அரித்தெடுக்கும். காபி உமியிலும் கடலைத் தோலிலும் சாம்பல் இதைவிட மிகக் குறைவு. காபிச் சக்கையில் இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான். இந்திய நிலக்கரியில் இது 30 முதல் 40 சதவீதம் என்பதை நினைத்தால், இந்த ஒரு விஷயத்தில் வேளாண் கழிவு தாராளமாக ஜெயிக்கிறது.

2. சாம்பலின் குணம். காபி உமியில் சாம்பல் கொஞ்சம்தான் என்றாலும் அதில் பொட்டாசியம் நிறைய. பொட்டாசியம் சாம்பலின் உருகுநிலையை இறக்கிவிடும். சூடு ஏறினால் சாம்பல் பாகாக உருகி, தட்டிலும் குழாயிலும் ஒட்டி, ஆறியதும் கல்லாகும். பாய்லர் ஆட்கள் ‘கிளிங்கர்’ என்று சொல்லிச் சலித்துக்கொள்வது இதைத்தான். கம்பியால் குத்தி உடைக்க வேண்டும்; முற்றிவிட்டால் பாய்லரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். உமியை மட்டும் போடாமல் விறகோடு கலந்து போடுவதும், எரியும் சூட்டைக் கட்டுக்குள் வைப்பதும் இதற்கான வழிகள்.

3. புகை. காபிச் சக்கையில் நைட்ரஜன் இரண்டு சதவீத அளவுக்கு இருக்கிறது. விறகைவிடப் பல மடங்கு. எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். கந்தகம் மிகக் குறைவு என்பது ஆறுதல். ‘பசுமை எரிபொருள்’ என்ற பெயர் இருப்பதால் புகைக்கூண்டில் தூசி வடிகட்டி வேண்டாம் என்று ஆகிவிடாது.

4. கிடங்கு. ஈரமான உமிக் குவியல் உள்ளுக்குள் தானாகச் சூடேறும், சில சமயம் புகையவும் செய்யும். காய்ந்த தூள் காற்றில் பறந்தால் ஒரு தீப்பொறி போதும்.

கார்பன் கணக்கு இதில் அடுத்தது. செடி வளரும்போது எடுத்த கரியமில வாயுவையே எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது என்பது வாதம். ஆண்டுதோறும் கொட்டைக்காக எப்படியும் விளையும் பழத்தின் உமிக்கு இந்த வாதம் நன்றாகவே பொருந்தும். பல ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டி பெல்லட்டாக்கி எரிப்பதற்கு அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. இரண்டும் ‘உயிர்ப்பொருள் எரிபொருள்’ என்ற ஒரே தலைப்பில் வருவதால் வாசகர் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்.

அரசு விதியும் அதன் பின்விளைவும்

நிலக்கரி மின்நிலையங்கள் வேளாண் கழிவு பெல்லட்டைக் கலந்து எரிக்க வேண்டும் என்று ஒன்றிய மின்துறை 2021 அக்டோபரில் கொள்கை வெளியிட்டது. பஞ்சாப், ஹரியாணா வயல்களில் வைக்கோலை எரித்து டில்லி மூச்சுத் திணறியதுதான் இதன் பின்னணி. ஒன்றிய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசி, உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் 2017-லேயே இதைச் சோதித்துக் காட்டியிருந்தது. தொடக்கத்தில் வைத்த காலக்கெடுவுக்குள் பெல்லட் கிடைக்கவில்லை. 2023 ஜூனில் விதியைத் திருத்தி, 2024-25 முதல் 5 சதவீதம், 2025-26 முதல் 7 சதவீதம் என்று தள்ளிவைத்தார்கள்.

ஏன் 5, 7 என்று சின்ன எண்? மின்நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து ஊதுகிறார்கள். அந்த அரவை மில் கல்லை நொறுக்கப் பிறந்தது. நார்ப்பொருளை அது மாவாக்காது. போதாக்குறைக்கு, சீக்கிரம் பற்றும் உயிர்ப்பொருள் மில்லுக்குள்ளேயே தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. கலப்பு விகிதம் கூடவேண்டுமானால் பெல்லட்டைக் காற்றோட்டமில்லாமல் 250 முதல் 300 டிகிரியில் வறுக்க வேண்டும். வறுத்த பெல்லட் நொறுங்கும் குணம் பெற்று நிலக்கரியைப் போலவே அரைபடும், தண்ணீரிலும் கரையாது. எடையில் 30 சதவீதம் போனாலும் வெப்பத்தில் 10 சதவீதம்தான் இழப்பு.

இப்போது அளவைப் பாருங்கள். இந்திய மின்நிலையங்கள் ஆண்டுக்கு 80 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எரிக்கின்றன. அதில் 5 சதவீதம் என்றாலே 4 கோடி டன். நாட்டின் மொத்த காபி உமி அதில் ஒரு மூலைக்கும் வராது. உபரி வேளாண் கழிவு ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டன் என்று அரசு மதிப்பிடுகிறது. ‘உபரி’ என்று ஏட்டில் எழுதியதெல்லாம் களத்தில் ஆள் இல்லாமல் கிடப்பதாக நினைத்தால் ஏமாற்றம்தான். தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம்.

கரும்புச் சக்கை சர்க்கரை ஆலையின் சொந்த பாய்லருக்குப் போகிறது; ஒரு பகுதியைப் புகளூர் காகித ஆலை, பதிலுக்கு எரிபொருள் ஏற்பாடு செய்துகொடுத்து, காகிதத்துக்கு வாங்கிக்கொள்கிறது. தேங்காய்ச் சிரட்டை காங்கேயம் பக்கம் கரியாகி ஏற்றுமதியாகிறது. பொள்ளாச்சி நார்த்தூள் கட்டியாகிக் கப்பல் ஏறி, வெளிநாட்டுச் செடிகளுக்கு மண்ணாகிறது. சேலத்து மரவள்ளித் திப்பியும் நம் வைக்கோலும் மாட்டுக்கு. காபி உமி தப்பித்தது ஒரு வகையில் அதன் காஃபீனாலும் துவர்ப்பாலும்தான். மாடு தின்னாது, அதனால் அடுப்புக்கு வந்தது.

உமிக்கும் எல்லா இடத்திலும் போட்டி இல்லாமலில்லை. அதை மக்கவைத்துத் தோட்டத்துக்கே உரமாக்குபவர்கள் உண்டு. எரித்தாலும் பொட்டாசியம் சாம்பலில் தங்கும். க்யூரிங் ஆலையே எரித்தால் சாம்பல் அடுத்த லாரியில் தோட்டத்துக்குத் திரும்பலாம். திருப்பூர் சாய ஆலை பாய்லரில், விறகோடும் கடலைத் தோலோடும் கலந்து எரிந்த சாம்பலைக் குடகு வரை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். தோட்டக்காரர் அந்தப் பொட்டாசியத்தை மூட்டையாக வாங்க வேண்டியிருக்கும். இந்தியாவில் பயன்படும் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி.

விலையும் அப்படித்தான். யாரும் கேட்காதவரை உமி ‘எடுத்துப் போனால் போதும்’ என்ற நிலையில் இருக்கும். பிரிக்கெட் மெஷின் ஒன்று பக்கத்தில் வந்ததும் எடைபோட்டு விற்பார்கள். இரண்டாவது மெஷின் வந்ததும் ஏலம். இலவசக் கழிவை நம்பி வங்கிக் கடன் வாங்கிய உயிர்ப்பொருள் மின் ஆலைகள் பல இப்படித்தான் சிக்கின. கழிவின் விலை ஆண்டுக்காண்டு ஏறியது, ஒப்பந்தத்தில் எழுதிய மின்சார விலை ஏறவில்லை. பெல்லட் ஆலை போட நினைப்பவர் மெஷின் விலையை விசாரிப்பதற்கு முன், 50 கிலோமீட்டர் சுற்றளவில் அதே உமியை இப்போது யார், என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று க்யூரிங் ஆலை எடைமேடையில் போய்க் கேட்பது நல்லது.